கள்ளிக்கு ஒரு குளிர்காலம்

கள்ளிச்செடியைத் தண்ணீர் ஊற்றியே கெடுப்பவர்கள்தான் அதிகம், சார். நான் வளர்ப்பது அமெரிக்காவின் மேட்டுப் பாலைவனத்துக் கள்ளி. அங்கே பனி கொட்டும். குளிரில் காய்ந்து கிடந்தால்தான் கோடையில் பூக்கும். ஆம்பூரில் குளிருக்கு எங்கே போவது?

எங்கள் தோல் தொழிற்சாலையில் பச்சைத்தோல் வைக்கும் கோல்டு ரூம் இருக்கிறது. அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வது நான். சாவி ஸ்டோர்கீப்பர் நவீத்திடம். நான் விதை போட்டு வளர்த்த தொட்டிகளை வருஷா வருஷம் மார்கழியில் உள்ளே வைக்க விட்டவன் அவன்தான். கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்திருந்தேன்.

போன சித்திரையில் முதல் பூ விட்டது. வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று நவீத் வாங்கிப்போனான். வேலூர் மலர்க் கண்காட்சியில் அவன் பெயரோடு அதைப் பார்த்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நானே தனியா வளர்த்தது," என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். 

மறுநாள் கேட்டதற்கு, "விடு மூர்த்தி, செடிதான? இதுக்குப் போய் பேஜார் ஆவுறியே," என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

போகியன்று மதியம், எல்லாரும் லீவில் போன பிறகு, தொட்டிகளைப் பார்க்கலாம் என்று அவனைக் கூப்பிட்டேன். கோல்டு ரூமின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாகிறது. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் கதவருகே நிற்பார். ஈரத்தில் கெடாமலிருக்க செல்போனையும் அவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். நவீத் கொடுத்துவிட்டுப் போனான். நான் கதவைச் சாத்தினேன்.

"மூர்த்தி, கதவாண்டதான இருக்க?"

"இருக்கேன்," என்றேன்.

சாயங்காலம் அவன் மனைவி சுகரா பேகம் தேடி வந்தது. "எங்க போறதா சொன்னாருண்ணா?"

"யாரோ தோஸ்த்தப் பாக்கணும்னாரு. வந்துடுவாரும்மா."

டீ கொடுத்துத்தான் அனுப்பினேன்.

மறுநாள் வீட்டில் பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டுவிட்டுப் போய் கோல்டு ரூம் கதவருகே நின்றேன். "அது உன் பூதான்டா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், கதவத் தொற," என்றான். குரல் ரொம்பக் கம்மியாக இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் குளிர்காலத்தைப் பாதியில் நிறுத்தினால் கள்ளி பூக்காதே, சார்.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கதவருகே இருப்பேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் கூப்பிடுவது நின்றபோது அங்கேதான் இருந்தேன். நம்பினவனைக் கைவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.