சாட்சிக் கையெழுத்து

ஹலோ... ஹலோ... மேபல் அக்காவா? நான் றோஸ்... றோஸ்க்கா, றோஸ்! ஒங்க தம்பி பொஞ்சாதி. வில்பிரட்டுக்கு வேற எத்தன றோஸ் இருக்கு?... சரி சரி, தண்டவாளத்துல கோச்சி போகட்டும், இருக்கேன்... போயிருச்சா? அந்தக் கடுகண்ணாவ வீட்டுல இது ஒரு கரச்சல். பேச வந்தாலும் கோச்சி, ஜெபிக்க ஒக்காந்தாலும் கோச்சி. இனிமே ஒங்களுக்கு அந்தக் கரச்சல் இல்லக்கா. அதச் சொல்லத்தான் எடுத்தேன்.

...வீட்டக் குடுத்தாச்சு.

...குடுத்தாச்சுன்னா வித்தாச்சு. கம்பளையில ஹார்ட்வேர் கட வச்சிருக்காரே ஹபீல் நானா, அவருக்கு. அட்வான்ஸும் வாங்கியாச்சு. மாசக் கடைசியில உறுதிப் பத்திரம் எழுதுறது. வெறும் வீடா வேணுமாம்... வெறும் வீடுன்னா ஆள் இல்லாத வீடு. நீங்க இல்லாத வீடு.

...ஹலோ? அழுவுறீங்களா, பேசுறீங்களா? ரெண்டுல ஒண்ணச் செய்ங்க. எனக்கு அடுப்புல பருப்பு கிடக்கு.

...இருக்காரு, இங்க பக்கத்துலதான் கதிரையில ஒக்காந்திருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு... இல்ல, பேச மாட்டாரு. அவருக்கு மனசு இளகுன மனசு. அதனாலதான் நான் பேசுறேன்.

...ஒங்களக் கேக்கணுமா? ஏன் கேக்கணும்? உறுதி யாரு பேர்ல இருக்கு?... ரெண்டு பேர் பேர்லயுமா! யாரு சொன்னா?... ஆமா... ஆமா, போட்டீங்க. நான் இல்லன்னு சொல்லலையே. கண்டியில லோயர் சுந்தரலிங்கம் ஐயா கந்தோர்ல, மடு மாதா பெருநாளுக்குக் கட்டுற சேலையக் கட்டிக்கிட்டுப் போயி, அழகா, முத்து முத்தா போட்டீங்க. ஆனா அக்கா, அது சாட்சிக் கையெழுத்து.

...சாட்சி. உறுதி எழுதுறதுன்னா ரெண்டு சாட்சி வேணும், அது சட்டம். வீட்ட வாங்குனது வில்பிரட். ஒரு சாட்சி அடுத்த வீட்டு கிறகரி மாஸ்டர், இன்னொண்ணு நீங்க. அவ்வளவுதான். கிறகரி மாஸ்டர் என்னைக்காவது வந்து எனக்குப் பின்பக்க ரூம் தாங்கன்னு கேட்டாரா?... என்னக்கா இது, உறுதியில பேனா வச்சவங்கல்லாம் வீட்டுக்காரங்களா? எங்க கல்யாணத்துக்கும் கோயில்ல நீங்கதானே சாட்சி போட்டீங்க. அதுக்காக ஒங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சா? முடியலதானே?

...கோவிச்சா கோவிங்க. உண்மையச் சொன்னா ஒடம்பெரிச்சல்தான்.

...இங்கிலீஸ்ல வாசிச்சா ஒங்களுக்கு வெளங்கலன்னா அது யாரோட குத்தம்? அன்னைக்கே கேட்டிருக்கணும். இத்தன வருஷம் அந்த வீட்டுக்கு ராணி மாதிரி இருந்துட்டு இப்பக் கேக்குறீங்க... இல்ல, அவரு ஏமாத்தல. ஏமாத்துற அளவுக்கு அவருக்கு மூள இல்ல. அது நான் குடுத்த யோசன. அக்காகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு கையப் பெசஞ்சிக்கிட்டு நின்னாரு. நாந்தான் சொன்னேன், அக்காவையே சாட்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, கையில ஒரு பேனாவக் குடுங்க, அவங்க மனசு நெறஞ்சிரும்னு. நெறஞ்சிச்சா இல்லையா? இத்தன வருஷம் நிம்மதியா தூங்குனீங்களா இல்லையா? அதுக்கு எனக்கு ஒரு நன்றி இல்ல!

...ஆமா, ஒங்க காசுதான். லெபனான்ல அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவிச் சேத்த காசு, தெரியும், நூறு தரம் கேட்டாச்சு. ஆனா உறுதியில அப்பிடியா எழுதியிருக்கு? வில்பிரட் காசு குடுத்தாரு, வில்பிரட் வாங்குனாரு. அக்காவும் தம்பியும் வீட்டுக்குள்ள குடுத்து வாங்குனத யாரு பாத்தா? சுவரா வந்து சொல்லப் போவுது?

...உறுதி ஒங்க அலுமாரியிலயா இருக்கு? இருக்கட்டும். மடிச்சு மடிச்சுக் கும்புடுங்க. காணிக் கந்தோர்ல பதிஞ்சிருக்குக்கா, நாங்க பிரதி எடுத்தாச்சு. ஹபீல் நானாவோட லோயரும் பாத்தாச்சு... லைட் பில் ஒங்க பேர்லதான் வருது, சரி. நீங்க காசு கட்டுனது வெளிச்சத்துக்கு, வீட்டுக்கில்ல... கூர மாத்துனீங்களா? மழ ஒழுகுனா யாரு தலையில ஒழுகும், என் தலையிலயா? ஒங்க தலைக்கு நீங்க கூர போட்டீங்க. இருக்க எடம் குடுத்தா இப்பிடித்தான், படுக்கப் பாய் கேக்குறது.

...எங்க போறதா? அதெல்லாம் யோசிச்சாச்சு. கம்பளையில சிஸ்டர்மார் ஒரு ஹோம் நடத்துறாங்க. வேளைக்குச் சாப்பாடு, காலையில பூச. ஒங்களுக்கு வேற என்ன வேணும்?... இங்கயா? பல்லேகலைக்கா? இங்க எங்க எடம்? புது வீடு வாங்குனாலும் புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு ரூம் வேணுமே... சமையல் செஞ்சு குடுப்பீங்களா? வேணாங்க்கா, ஒங்க ரசத்த நான் குடிச்சிருக்கேன்.

ஆ, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த ஹோம்ல, ஆள் இல்லாதவங்களத்தான் எடுப்பாங்களாம். அதனால சிஸ்டர் கேட்டா தம்பி இருக்காருன்னு சொல்லிறாதீங்க... தம்பி இல்லன்னு சொல்லுங்க. செத்துட்டாருன்னா சொல்லச் சொன்னேன்? இல்லன்னு சொல்லுங்க, போதும்... ஏங்க, நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க. இன்னும் முக்கியமானதையே சொல்லல.

அக்கா, கேளுங்க. செவ்வாக்கெழம கண்டிக்கு வரணும். ஐடிய மறக்காமக் கொண்டு வாங்க. ஒரு சின்னக் கையெழுத்து... ஒரு சத்தியக்கடதாசி. பெருசா ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுல எனக்கு ஒரு உரித்தும் இல்ல, தம்பி பாவம் பாத்து இருக்க விட்டாருன்னு எழுதியிருக்கும். நீங்க போட்டா சரி.

...என்ன?

...இல்ல, அது... ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லதான். இல்லதான், ஆனாலும் வேணும்... அது ஒரு வழக்கம்... ஹபீல் நானாவோட லோயர் வீடு பாக்க வந்தாராம். நீங்க துணி காயப்போட்டுக்கிட்டு நின்னீங்களாம். ஒரு ஆளு இத்தன வருஷமாக் குடியிருந்தா, அவங்க கையெழுத்து இல்லாம வீட்ட வாங்காதீங்க, பொறகு கோட்டு கேசுன்னு... ஏங்க, ஏன் கையக் கையக் காட்டுறீங்க? சொன்னா என்ன இப்ப?... சொல்லக் கூடாதா? அத முந்தியே சொல்லணும்!

...இல்லக்கா, ஒங்களச் சொல்லல. அக்கா... மேபல் அக்கா, நான் ஒங்களுக்கு என்னைக்காவது கெட்டது நெனச்சிருக்கேனா? நத்தாருக்கு ஒவ்வொரு வருஷமும் கேக் அனுப்பலையா?... போன வருஷம் வெல கூடிருச்சு, அதனாலதான். வாங்க, கையெழுத்தப் போடுங்க, ஒரு புதுச் சேல எடுத்துத் தாறேன்... வேணாமா? அப்ப இப்பிடிச் சொல்றேன் கேளுங்க. போடலன்னா ஆள வச்சு சாமானெல்லாம் ரோட்டுல எறக்குவோம். அலுமாரியோட, மாதா சுரூபத்தோட. கோச்சியில போறவன் வாறவனெல்லாம் பாக்கட்டும்.

...என்ன கேட்டீங்க?

...சாட்சின்னா என்னவா? இவ்வளவு நேரமா அதத்தானே கத்துறேன். சாட்சின்னா அங்க நடந்ததக் கண்ணால பாத்தவங்க... ஆமா... ஆமா, யாரு கேட்டாலும் சொல்லணும். ஆமா, கோட்டுல கேட்டாலும்தான். சத்தியம் பண்ணிச் சொல்லணும். ஏன், இப்ப எதுக்கு இந்தச் சின்னப்புள்ளக் கேள்வி?

...எந்த லேஞ்சி? மொகம் தொடைக்கிற லேஞ்சியா?

...லேஞ்சியில முடிஞ்ச காசா... லோயரோட மேசையிலயா? மேசையிலயா அவுத்து வச்சீங்க? வீட்டுல வச்சு அவருகிட்ட குடுக்கலையா?... யாரு எண்ணுனது?... கிறகரி மாஸ்டரா!

ஏங்க! வீட்டுல வச்சே வாங்கிட்டேன்னுதானே என்கிட்ட சொன்னீங்க? பஸ்ஸுல வச்சா? எங்க வச்சுய்யா வாங்குனீங்க?... மேசையில வச்சு, லோயருக்கு முன்னால, சாட்சிக்கு முன்னால... நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு!

...அக்கா, இருங்க, வச்சிறாதீங்க. கிறகரி மாஸ்டருக்கு வயசாயிருச்சு, அவருக்கு என்ன ஞாவகம் இருக்கப் போவுது?... நேத்துக்கூட அதப் பத்திப் பேசுனாரா? என்ன சொன்னாரு?... லேஞ்சிக்கு என்ன நெறம்னு வரைக்கும் சொல்றாரா...

அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இங்க பின்பக்கத்துல ஒரு ரூம் இருக்கு, சின்ன ரூம்தான், ஆனா காத்து வரும். பல்லேகலைக்கே வந்துருங்க. ஒங்க ரசத்தப் பத்தி நான் சும்மா பகிடிக்குச் சொன்னேன்... வேணாம், அப்பிடிச் சொல்லாதீங்க. குடும்பத்துக்குள்ள இருக்கிறத ஊர்ல கொண்டு போய்க் கொட்டலாமா? நீங்க தூக்கி வளத்த தம்பி. அவரு மொகத்தக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க...

...யாரு சொன்னா?

...நானா சொன்னேன்? எப்ப... ஆமா, சொன்னேன். அது அந்த சிஸ்டர் கேட்டாச் சொல்லுங்கன்னுதானே... அதுக்காக எல்லார்கிட்டயும் தம்பி இல்லன்னு... அக்கா! ஹலோ? அக்கா? ஏய் மேபல்!...

வச்சிட்டா.

...ஏங்க, இப்ப என்ன? அவளச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது... என்னைய ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?