உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள்

செஞ்சி வட்டம் சிங்கவரம் ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கும், துரைக்கண்ணுவின் மனைவி சுமலதா, வயது 38, காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து விவசாயக் கூலி வேலை செய்து வருகிறேன். சென்ற கார்த்திகையில் புயலடித்த அன்று காலை ஏரித் தண்ணீர் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. என் கணவர் பசுவை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிப் போனார். வேண்டாம் என்றேன். சொன்னால் கேட்கிற ஆளில்லை அவர். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் மாடு ஓட்டுவார். ஓடையைத் தாண்டும்போது பசு கால் இடறி விழுந்து, இரண்டு பேரையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை நான் கரையிலிருந்து பார்த்தேன். கத்தினேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் மழை விட்ட பிறகு வேலிகாத்தான் புதரில் இருவரும் கிடந்தார்கள். கயிறு அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. என் கொழுந்தன் பெரியதம்பி அரிவாளால் கயிற்றை அறுத்து அவரைத் தூக்கினார். தண்ணீரில் ஊறிய உடம்பை வைத்திருக்கக் கூடாது என்று ஊரில் சொல்லவே, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டோம். விறகெல்லாம் ஈரம். டயர் வைத்துத்தான் எரித்தோம். அந்த நாற்றம் இன்னும் என்னை விடவில்லை.

பசுவை மட்டும் யாரும் தொடவில்லை. "மாட்ட எடுத்துடாதீங்க, டாக்டர் வந்து பாத்தாதான் கணக்குல வரும்" என்று பெரியதம்பி சொன்னார். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதருக்கும் அப்படித்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவிகள் நாங்கள். அதன் பிறகு கால்நடை டாக்டர் வந்து பசுவை அறுத்துப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு சேதம் பார்க்க வந்த அதிகாரி, எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை, கால்நடை இழப்பு ஒன்று என்றார். போலீசுக்குச் சொல்லவில்லை, போஸ்ட்மார்ட்டமும் இல்லை, வெள்ளத்தில்தான் இறந்தார் என்று எப்படிக் காட்டுவது என்று கேட்டார். "அப்ப என் வூட்டுக்காரரு போனது இன்னா சார், சேதம் இல்லையா?" என்று கேட்டேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பசுவின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாயில்லா ஜீவனோடு என் கணவரையும் புயலில் போனவர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஊரார் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று தாங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். டாக்டர் எடுத்த போட்டோவைப் பாருங்கள். பசுவின் கழுத்தில் அறுத்த கயிறு தொங்கும். மீதிக் கயிற்றை அவர் விரல்களிலிருந்து பிரிக்க முடியவில்லை. அதோடுதான் எரித்தோம்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்) து. சுமலதா