வாழத் தொடங்கியவரின் மனைவி

குன்னூர் பஸ்ஸில் என் முன் சீட்டில், தேயிலை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"எங்க மாமனாரு சாகறப்ப, 'வேலை வேலைன்னே இருந்துட்டேன், வாழவே இல்ல'ன்னு அழுதாருங்க்கா. அதக் கேட்டுட்டு எங்க ஊட்டுக்காரரு மறுநாளே வேலைய உட்டுட்டாரு," என்றாள் இளையவள்.

கம்பளிக் குல்லாயைக் காதுக்கு மேலே ஏற்றிக்கொண்டேன். ஒட்டுக்கேட்பவன் குளிர் பார்க்கக் கூடாது.

"சாகறவருக்கென்ன, மறுநாளு ஷிப்டா இருக்குது?" என்றாள் மூத்தவள். "ஊட்டுல இவரு என்ன பண்றாரு?"

"வாழறாருங்க்கா. நாந்தான் ரெண்டு ஷிப்டு பாக்கறேன்."

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் சாகறப்ப, அவருகூட ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்து டீ குடிக்கலியேன்னுதான் அழுவேன்."

"அத இன்னைக்கே அவருகிட்டச் சொல்லு புள்ள."

"எங்கீங்க்கா? பகலெல்லாம் வாழ்ந்த அசதியில, நான் ஊடு சேர்றதுக்குள்ள தூங்கிர்றாரு."