வரிசையில் நின்றவள்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மலைமேல் மஞ்சக்குட்டை ரோடு. ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. கடைசி ஜீப்பும் போன பிறகு அந்த ரோட்டில் ஈ காக்காய் கிடையாது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும்... சொட்... சொட்... அந்தச் சத்தம் மட்டும்தான்.

ரோட்டோரம் ஒற்றையாக ஒரு ஓட்டு வீடு. அதில் ஒரு விளக்கு. விளக்கடியில், கம்ப்யூட்டர் முன்னால், ஷீனா. நம் ஜெபக் கூட்டத்துக்கு வருகிற இன்பமேரிக்கு அத்தை மகள். அவளுக்கு நடந்ததைத்தான் இன்பமேரி அழுதுகொண்டே சொன்னாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னல் கொக்கியை யாராவது போட்டுவிடுங்கள்.

அந்த வீடு ஒரு வாடகைக் கார் கம்பெனியின் ஆபீஸ். போனில் கேட்டால் மலையில் எங்கிருந்தாலும் கார் வரும். எந்தக் காரை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது ஒரு புரோகிராம். அதைப் பார்த்துக்கொள்ள ஷீனா புதிதாகச் சேர்ந்திருந்தாள். முதலாளி ரஞ்சித், சேலத்துக்காரர்.

சில மாதமாகவே புரோகிராம் திணறியது. கூப்பிடுகிறவர்கள் நாலு பேர்தான். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் மேடேறுகிற லாரி மாதிரி இரைந்தது. அணைத்துப் போட்டால் சரியாகும். சாயங்காலமானால் மறுபடி அதே கதை. "அணைச்சு அணைச்சுப் போடும்மா" என்பார் ரஞ்சித். ஷீனாவுக்கு மனசு ஒப்பவில்லை. அணைத்துவிட்டால் என்ன தெரியும்? ஓடும்போதல்லவா பார்க்க வேண்டும்?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கருப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் போதும். ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமலே அது அடிக்கடி உள்ளே எட்டிப் பார்க்கும். 'இப்போது எந்த வேலையில் இருக்கிறாய்?' என்று பார்த்துப் பார்த்துப் பதிந்துகொண்டே போகும். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தொட்டில் சேலையை விலக்கிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. போதும் என்று நிறுத்தினால், எந்த வேலை எவ்வளவு நேரத்தைத் தின்றது என்று காட்டிவிடும்.

தட்டினாள். பதிவு ஓடியது.

அப்போதுதான் அந்த வாடை... நனைந்த சாக்கு வாடை. தோட்டத்தில் மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, அந்தச் சாக்கு. கூடவே, மிதிபட்ட காப்பி இலையின் பச்சை வாடை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஷீனா திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

பதிவை நிறுத்தினாள். திரையில் பெயர்கள் வந்தன.

கார் கேட்கிற ஒவ்வொருவருக்கும் புரோகிராமுக்குள் தனியாக ஓர் ஓட்டம் தொடங்கும். கேட்டவர் பெயர்தான் அதற்கும் பெயர். கார் கிடைத்ததும் அந்த ஓட்டம் முடிந்துவிடும். அன்று கேட்டவர்கள் எல்லாருக்கும் துளித்துளி நேரம்தான் போயிருந்தது. மீதி நேரம் அத்தனையையும் ஒரே பெயர் தின்றிருந்தது.

சுகுணா.

அந்த ஓட்டம் செய்தது ஒரே ஒரு வேலை. 'எனக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா?' என்று கேட்கும். 'இருக்கிறார்கள்' என்று பதில் வரும். உடனே மறுபடி கேட்கும். மறுபடி... மறுபடி... மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. தினமும் அணைத்துப் போட்டார்களே, எல்லாம் புதிதாகத்தானே தொடங்கியது? இது மட்டும் எப்படி?

டிரைவர் ஆறுமுகம் சாவி கொடுக்க உள்ளே வந்தார். ஷீனா அந்தப் பெயரைச் சொன்னதும் சாவியை மேசையில் வைக்காமல் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கிளியூர்ப் பொண்ணு கண்ணு. காப்பித் தோட்டத்துல களை வெட்டறப்ப விரியன் கொத்திருச்சு. ரோட்டுக்கு வந்து நம்ம கம்பெனியிலதான் கார் கேட்டிருக்கா. அப்ப சீசன். ஓட்டல்ல தங்கறவங்களுக்குத்தான் மொதல்ல வண்டி, தோட்டத்துல வேல செய்யற லைன் ஊட்டு ஆளுங்களுக்குக் கடைசினு ஓனரு ரூல் போட்டு வெச்சிருந்தாரு. ஏரிக்கிட்ட வண்டிங்க காலியாத்தான் நின்னுச்சு... ஓட்டல்காரங்க கூப்புட்டா வேணுமாம். நான் சவாரி முடிச்சு அந்தப் பக்கம் வந்தப்ப, மைல்கல்லுல சாஞ்சு உக்காந்தமேனிக்கே போயிட்டா. கண்ணு ரோட்டையே பாத்துட்டு இருந்துச்சு. என் துண்டப் போத்தி, ஊட்டு ஆளுங்க வர்ற வரைக்கும் பக்கத்துல நின்னேன். வேற என்ன பண்றது, சொல்லு."

ஷீனா முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தக் கிளியூர்ப் பொண்ணு சுகுணா கேட்ட சவாரி இன்னும் முடியாமயே இருக்குங்க சார். ஒரு வண்டிய அந்த எடத்துக்கு அனுப்பி முடிச்சு வெச்சுரலாமுங்க. அந்த ரூலையும் எடுத்துரலாம்."

"ஏம்மா, செத்தவளுக்கு வண்டியா?" ரஞ்சித் சிரித்தார். "கூடவே ஒரு மாலையும் வாங்கி அனுப்பட்டுமா? ரூல் இருக்கட்டும், டிசம்பர்ல கூட்டம் வரும். அந்தப் பேரை மட்டும் அழிச்சு உடு."

"ஒரே ஒரு வண்டிதானுங்க சார். பாவமுங்க..."

"நான் இப்ப கிளியூர் ரோட்டுலதான் வந்துட்டிருக்கேன். வழியில நின்னா நானே ஏத்திக்கறேன், போதுமா?"

போன் வைத்துவிட்டார்.

ஒரு வண்டி. ஷீனா கேட்டது அவ்வளவுதான். 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அன்றைக்கு என்னவோ மாறியிருக்கும். ஆண்டவர் நம்மிடம் மலையையா தூக்கச் சொல்கிறார்? ஒரு வாய்த் தண்ணீர், ஒரு இரக்கம்... அதைத்தான் கேட்கிறார். அதற்கே நமக்குக் கை வருவதில்லை.

ஷீனாவுக்கு அந்தப் பெயரை அழிக்கக் கை வரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். முதலாளி திட்டினாலும் திட்டட்டும் என்று அந்த ரூலைத்தான் அழித்தாள். புரோகிராமைப் புதிதாக ஓடவிட்டாள்.

சாக்கு வாடை நின்றுவிட்டது. சட்டென்று... யாரோ எழுந்து வெளியே போன மாதிரி.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு புது அழைப்பு. கிளியூர் ரோடு. பெயர், ரஞ்சித். கூடவே போனும் அடித்தது.

"ஷீனா... வண்டி அப்படியே நின்னுருச்சு. எறங்கிப் பாக்கலாம்னு கால வெச்சேன்... சுருக்குன்னுச்சு. ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு. எரியுதும்மா... சீக்கிரம் ஒரு காரை அனுப்பு!"

ஏரிக்கரையில் கார்கள் காலியாக நின்றன. திரையில் அத்தனையும் பச்சையாகத் தெரிந்தது. ஆனால் புரோகிராம் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. இரைச்சல் ஏறியது. ஷீனா மறுபடி அந்தக் கட்டளையைத் தட்டி, பதிந்து, நிறுத்திப் பார்த்தாள்.

முழு நேரமும் ரஞ்சித் பெயரில் போயிருந்தது. அந்த ஓட்டம் கேட்டுக்கொண்டிருந்தது, 'எனக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா?'

'இருக்கிறார்கள்.'

அவள் அழித்த அதே ரூல்தான் அவரைத் தடுத்தது. புரோகிராம் எழுதியிருந்த கோப்பில் தேடினாள், அந்த வரியே இல்லை. ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"புரோகிராம் கெடக்குது கண்ணு, நான் போறேன்." ஆறுமுகம் கையிலிருந்த சாவியோடு ஓடினார். அவர் போனுக்கு அடித்து, வழி முழுக்க அணைக்க வேண்டாம் என்றாள் ஷீனா. காதில் வைத்தபடியே இருந்தாள். எஞ்சின் சத்தம். வைப்பர் சத்தம். வளைவுகளில் ஹாரன். பிறகு பிரேக்.

"ஓனரே! அட கடவுளே, காலு இப்புடி வீங்கிருச்சே... வாங்க, ஏறுங்க. ஆஸ்பத்திரி பக்கந்தான்."

ரஞ்சித்தின் குரல் கேட்டது. அதட்டல் இல்லை. யாருக்கோ பயந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"இல்லீங்க... எனக்கு முன்னாடி இவங்க இருக்காங்க. மொதல்ல இவங்க ஏறட்டுமுங்க."

"யாருங்க? இங்க யாருமே இல்லீங்களே!"

"இதோ நிக்கறாங்களே... சாக்கப் போத்திட்டு..."

இழுக்கிற சத்தம். செருப்பு தேய்கிற சத்தம். ஆறுமுகம் மூச்சு வாங்கினார். "கண்ணு, கல்லாட்டம் உக்காந்திருக்காரு. தூக்கவே முடியல. நாக்கு வேற கொழறுது. நேரமில்ல சாமி, நேரமில்ல..."

 பிறகு காரின் பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஆறுமுகத்தின் குரல், இந்தத் தடவை வேறு பக்கம் திரும்பிக் கேட்டது.

"தாயி... ஏறுங்க தாயி. உங்களுக்குத்தான் கதவத் தொறந்து வெச்சிருக்கேன். நீங்க ஏறுனாத்தான் அவரு ஏறுவாரு. பெரிய மனசு பண்ணுங்க."

கதவு திறந்திருப்பதைக் கார் மணியடித்துச் சொன்னது... டிங்... டிங்... டிங்...

அந்த மணிக்கு நடுவில், போனுக்கு மிக அருகில், ஒரு பெண் குரல். கோபமே இல்லாத குரல்.

"பரவால்லீங்கண்ணா. எனக்கொன்னும் அவசரமில்லீங்க."