பனியில் மூன்று முறை

மேடையில் அமர்ந்திருக்கும் சந்தைத் தலைவர் தெமிர்கான் அவர்களே, செவிலியர் புரூல்சா அவர்களே, நாரின் சந்தைக் கடைக்காரர்களே, வானொலி முதல் எல்லாம் பழுதுபார்த்துத் தந்து மறைந்த நம் சைரகுல் உஸ்தாவின் வீட்டாரே, அனைவருக்கும் சலாம். இந்தத் தாளை நானே எழுதினேன். மெதுவாகத்தான் வாசிப்பேன்.

நான் ஆடு மேய்த்தவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வானொலிப் பெட்டி ஊமையானது. உஸ்தா போர்டைக் கழற்றி, ஈயம் விட்டுப்போன ஓரிடத்தை மீண்டும் சூடாக்கினார். பாட்டு வந்தது.

"கொஞ்சம் இருங்கண்ணே, ஓட விட்டுப் பாக்கலாம்" என்றார்.

இருந்தேனா? "அதான் பாடுதுல்ல, குடும்மா! வண்டி போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டு போனேன். மேய்ச்சல் மலையில் முதல் குளிரிலேயே பெட்டி வாயை மூடிக்கொண்டது. பனிப்புயல் அறிவிப்பு என் காதுக்கு எட்டவில்லை. பதினேழு ஆடுகள் செத்தன. இறங்கி வந்து யாரைத் திட்டினேன்? அவரைத்தான்!

"குடுத்து விட்டது என் தப்புதாண்ணே" என்றார்.

அன்று முதல், சரிசெய்த எதையும் பையில் கட்டி வெளியே பனியில் வைப்பார். பிறகு அடுப்பருகே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பார். மூன்று முறை. கோடையில் இறைச்சிக் கடைக் குளிர்பெட்டியில், ஈரலுக்குப் பக்கத்தில்! "சூடு காட்டினா எதுவும் கொஞ்ச நேரம் எந்திரிக்கும். குளிர்லயும் நிக்கணும்" என்பார்.

சென்ற சனவரியில் குறைமாதக் குழந்தையை வைக்கும் சூட்டுப் பெட்டி நின்றுபோனது. ஊரில் இருந்ததே அது ஒன்றுதான். செவிலியர் புரூல்சா போர்டோடு ஓடிவந்தார். பத்தே நிமிடத்தில் விளக்கு எரிந்தது.

"எரியுதுல்ல, குடுத்தனுப்பு!" என்று வாசலில் நின்று கத்தினோம். நானும் கத்தினேன்.

"அக்கா, உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்" என்றார் செவிலியர்.

"குழந்தை அம்மா நெஞ்சோட கதகதப்பா இருக்குல்ல? அப்ப எனக்கு ரெண்டு மணி நேரம் குடு" என்றார் உஸ்தா.

இரண்டாம் முறை பனியிலிருந்து எடுத்து வந்தபோது விளக்கு எரியவில்லை! உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். வேறொரு ஈயப் பற்றில் முடியளவு விரிசல். அதையும் சரிசெய்த பிறகே கொடுத்தார். எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அது எப்போது நின்றிருக்கும்? குழந்தை உள்ளே கிடக்கும்போது! அந்தக் குழந்தை ஐசுலுதான் இதோ மூன்றாம் வரிசையில், நான்கு பற்களால் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

எட்டு ஆண்டு உஸ்தாவோடு வேலை செய்த அவர் மருமகள் ஜில்தீஸ் நாளை கடையைத் திறக்கிறார். அவருக்கும் வேலை சுத்தம். அவரைக் கெடுக்கக்கூடியவர்கள் யார்? நாம்தான்! வாசலில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்போம். இனிச் சொல்வதில்லை என்று இங்கேயே உறுதி கொள்வோம். மூன்று முறை முடியும்வரை ஒருவரும் கை நீட்டக் கூடாது.

நாளை முதல் ஆளாக என் வானொலியோடு நான் வருகிறேன். வண்டி போனால் போகட்டும்.