மொதல்ல உன் வூடு

வந்தவன்: …தண்ணி அப்பறம் குடிச்சிக்கிறேம்மா. முனியண்ணன் வூடு இதானா? அத மொதல்ல சொல்லு.

சிட்டம்மாள்: இதான், இதான். எத்தினி வாட்டி கேப்ப? கூத்துல கட்டியங்காரன் வேசம் கட்டுற முனியன்தான? அவரு ஒருத்தருதான் இந்தப் பெருநகரு கிராமத்துக்கே. நான் அவரு சம்சாரம்.

வந்தவன்: அப்ப நீதான் சிட்டம்மா அண்ணியா…

சிட்டம்மாள்: அண்ணியா! எனக்குத் தெரியாம எங்கேந்துப்பா மொளச்ச கொழுந்தன்? சரி, அந்தக் கல்லு மேல ஒக்காரு. வெதைக்குக் கடல உரிச்சிக்கினு கீறேன். மடில மொறத்த வெச்சிக்கினு சட்டுனு எந்திரிக்க முடியல.

வந்தவன்: அண்ணி… அது வந்து… நெத்தில பொட்டு கீது…

சிட்டம்மாள்: அதுக்கு?

வந்தவன்: தலைல பூவு…

சிட்டம்மாள்: தோ பாரு, வந்தமா, வந்த சேதிய சொன்னமான்னு இரு. பொட்டப் பாத்தேன், பூவப் பாத்தேன்ற பேச்செல்லாம் அவரு காதுல உழுந்துதுன்னா பல்லு பேந்துடும்.

வந்தவன்: அவரு காதுலயா…

சிட்டம்மாள்: வெளியூரு போயிக்கீறாரு. பொழுது சாய வந்துடுவாரு.

வந்தவன்: ஐயோ, அண்ணி… தெனமும் இப்டிதான் சொல்லிக்கினு கீறியா?

சிட்டம்மாள்: இன்னாப்பா, கிறுக்கச்சியப் பாக்கற மாரி பாக்கற?

வந்தவன்: நான் ஆந்திராவுலேந்து வரேன். அண்ணன்கூட அங்க நெல்லறுக்கப் போனவன்.

சிட்டம்மாள்: அங்க போனவங்கள்ல பாதி பேரு திரும்பவே இல்லியே. பொயலடிச்சி, கடலு ஊருக்குள்ள பூந்து… நீ எந்த ஊரு? பேரு இன்னா?

வந்தவன்: தென்னேரி. வேதகிரி.

சிட்டம்மாள்: வேதகிரியா!

வேதகிரி: அண்ணி, மொறம்! கடலயெல்லாம் மண்ணுல கொட்டிடிச்சி பாரு!

சிட்டம்மாள்: இன்னொரு வாட்டி சொல்லு.

வேதகிரி: வேதகிரி. சின்னராசு மவன். அண்ணன் கூத்து செட்டுல ராசா வேசம் கட்டுவனே… நீ என்ன அரிதாரத்தோட பாத்திருப்ப. மொகம் தெரியாது.

சிட்டம்மாள்: உன் காலக் காட்டு.

வேதகிரி: காலா?

சிட்டம்மாள்: காட்டுன்றேன்ல! அந்த நெழல வுட்டு வெய்யில்ல வந்து நில்லு.

வேதகிரி: கோணலாத்தான் கீது அண்ணி. பனமரம் சாஞ்சி ஒடஞ்சிது. கட்டுப் போட்டும் சரியா கூடல…

சிட்டம்மாள்: தரைல படுது… நெழலும் உழுது… எப்பா, காட்டேரியம்மா!

வேதகிரி: இதுக்குதான் அண்ணி பயந்தேன். நான் எதுவுமே சொல்லல, அதுக்குள்ள இப்டி ஆடிப்போறியே.

சிட்டம்மாள்: ஒரு வருசமா எங்கடா இருந்த, பாவி?

வேதகிரி: ஆஸ்பத்திரில கெடந்தேன். சொரத்துல பேரு ஊரு எதுவும் சொல்லத் தெரியல. கண்ணு முழிச்சப்பறம் நான் பேசற தமிழு அவங்களுக்குப் புரியல. காலு ஊனவே ஆடி மாசம் ஆயிடிச்சி. டிக்கெட்டு இல்லாம ரயிலேறுனேன், நடுவுல எறக்கி வுட்டுட்டாங்க. சுண்ணாம்புக் காளவாயில கல்லு தூக்குனேன். மேஸ்திரி கூலியும் தரல, போவவும் வுடல. ஒரு நாளு பன்னிங்க மேயற ஓடைல பூந்து ஓடியாந்துட்டேன்.

சிட்டம்மாள்: ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?

வேதகிரி: யாரு எழுதுவாங்க அண்ணி? எல்லாம் தெலுங்கு எழுத்து. அதுவுமில்லாம இந்தச் சேதிய கடுதாசில எழுதக் கூடாது. நேர்ல வந்து சொல்லணும்.

சிட்டம்மாள்: வூட்டுக்கு… உன் வூட்டுக்குப் போனியா?

வேதகிரி: இல்ல. நேரா இங்கதான் வரேன்.

சிட்டம்மாள்: தென்னேரிக்கே இன்னும் போவலயா! வழில உன்ன யாரும் பாக்கலயா?

வேதகிரி: காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல துண்டால மூஞ்சிய மூடிக்கினேன். தெரிஞ்சவன் எவனாவது பாத்தா கையோட தென்னேரிக்கு இழுத்துக்கினு போயிடுவான். நானும் அண்ணனும் கையடிச்சி சத்தியம் பண்ணிக்கினோம். தப்பிச்சவன் மொதல்ல அடுத்தவன் வூட்டுக்குப் போயி சொல்லணும். அதுக்கப்பறம்தான் தன் வூட்டு வாசப்படி மிதிக்கணும்.

சிட்டம்மாள்: நல்லா பண்ணீங்கடா சத்தியம்! தலைல அடிச்சிக்கணும் போல கீது.

வேதகிரி: நான் கெளம்பறப்ப மலர்க்கொடிக்கு ஏழாம் மாசம் அண்ணி. இன்னா கொழந்தன்னுகூடத் தெரியாது. அந்தப் பக்கம் போற பஸ்ஸுல கால வெச்சிட்டு, வெச்ச கால எடுத்துட்டுதான் இங்க வந்தேன்.

சிட்டம்மாள்: பொண்ணு.

வேதகிரி: இன்னாது?

சிட்டம்மாள்: பொண்ணா… பொண்ணாத்தான் இருக்கும்னேன். கூழு கீது, கரைச்சித் தரேன். மொதல்ல ஒரு வாய் குடி.

வேதகிரி: வாணாம் அண்ணி. நான் சொல்ல வந்தத சொல்லிட்டா நீயே இன்னிக்கிப் பச்சத் தண்ணி குடிக்க மாட்ட. எந்திரிக்காத. அண்ணன்…

எல்லம்மாள்: ஏ சிட்டம்மா! தென்னேரிக்குப் போனவங்க திரும்பிட்டாங்களா?

சிட்டம்மாள்: எல்லம்மா, நீ போ! நான் அப்பறம் வரேன்!

எல்லம்மாள்: அடியே, ஏன் கத்தற? ஆறு மாச வயித்த வெச்சிக்கினு குனிஞ்சி கடல பொறுக்கற? தள்ளு, நான் பொறுக்கறேன். இது யாரு, ஒரம்பரையா?

சிட்டம்மாள்: போன்றேன்ல! உன் ஆடு என் கீரைய மேயுது பாரு, போயி ஓட்டு!

எல்லம்மாள்: பேஜாரு புடிச்சவடி நீ. நல்லதுக்குச் சொன்னா கடிக்க வர. போறேன்மா, போறேன்…

சிட்டம்மாள்: அவ அப்டிதான், ஒளறிக்கினே கெடப்பா. நீ அந்தத் தண்ணியக் குடி.

வேதகிரி: தென்னேரின்னு சொல்லிச்சே அந்தம்மா? எங்க ஊர்ல இன்னா?

சிட்டம்மாள்: ஏரில மீன் புடிக்கிறாங்களாம். நம்ம ஊரு ஆளுங்களும் போயிக்கீறாங்க.

வேதகிரி: கார்த்திகைல ஏரி ரொம்பி வழியும். இப்ப யாரு மீன் புடிப்பா?

சிட்டம்மாள்: எனக்கு இன்னா தெரியும்? சொன்னாங்க, சொன்னேன்.

வேதகிரி: நீ எந்திரி.

சிட்டம்மாள்: எதுக்கு?

வேதகிரி: எந்திரி அண்ணி. …ஆறு மாசமா? அண்ணன் பூட்டு வருசமாவுது. வயித்துல ஆறு மாசமா?

சிட்டம்மாள்: வேதகிரி, தோ பாரு…

வேதகிரி: அதான் பொட்டா! அதான் பூவா! நானு பைத்தியக்காரன், பாவம், புருசன் வருவான்னு நம்பிக்கினு பூ வெச்சிக்கினு கீறான்னு நெனச்சி நெஞ்சு வெடிச்சிப் போனேன். வெளியூரு போயிக்கீறவன் வேற ஆளா?

சிட்டம்மாள்: வாய அடக்கு.

வேதகிரி: நம்ம சனத்துல அறுத்துக் கட்டறது தப்பில்ல. நான் தப்புன்னு சொல்லல. ஆனா வருசம் திரும்பறதுக்குள்ளயா? இன்னா மனுசன் அவரு! அவரு எப்டி செத்தாருன்னாவது தெரியுமா உனக்கு?

சிட்டம்மாள்: நீ சொல்லு. எப்டி செத்தாரு? ஒரு வார்த்த வுடாம சொல்லு.

வேதகிரி: சொல்றேன், நல்லா கேட்டுக்க! பொழுது சாயற நேரம். காத்துன்னா காத்து, களத்து மேட்டுல போட்ட கட்டெல்லாம் ஆகாசத்துல பறக்குது. திடீர்னு கெழக்கால ஒரு செவுரு எந்திரிச்சி வருது. செவுரு இல்ல, தண்ணி. எனக்கு நீச்சலு தெரியாது. கத்துறேன். எல்லாரும் அவனவன் உசுரு பெரிசுன்னு ஓடறான். இவரு ஒருத்தருதான் திரும்பி வந்தாரு. என்ன அப்டியே…

சிட்டம்மாள்: தோள்ல தூக்கி வெச்சிக்கினாரு.

வேதகிரி: ஆமா, தோள்ல… தூக்கி, பக்கத்துல இருந்த பனமரத்துல…

சிட்டம்மாள்: ஏத்தி வுட்டாரு. தலைல கட்டியிருந்த துண்ட அவுத்து, மரத்தோட சேத்துக் கட்டுனாரு.

வேதகிரி: …ஆமா.

சிட்டம்மாள்: நீயும் ஏறுன்னு நீ கத்துன. மரம் ரெண்டு பேரத் தாங்காது, வூட்ல சொல்லுன்னுட்டு கைய வுட்டுட்டாரு. கும்புட்ட கையோட போனாரு. அப்டிதான?

வேதகிரி: அண்ணி… இது எப்டி உனக்குத் தெரியும்?

சிட்டம்மாள்: அதான? வேற எதாவது கீதா?

வேதகிரி: அங்க வேற யாருமே இல்ல. இத்த நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. யாரு சொன்னது உங்கிட்ட?

சிட்டம்மாள்: அப்பறம் சொல்றேன். இதெல்லாம் நெசமாவே நடந்துச்சா? இந்தா, என் வயித்துல கீற புள்ள மேல ஆணையா சொல்லு.

வேதகிரி: புள்ள மேலயா… வாணாம் அண்ணி.

சிட்டம்மாள்: ஏன், நெசந்தான? சொல்லேன்.

வேதகிரி: …பொய்யி.

சிட்டம்மாள்: அப்டி வா.

வேதகிரி: பொய்யி அண்ணி. யாரும் யாரையும் தூக்கல. ரெண்டு பேரும் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிக்கினு மாட்டுக் கொட்டாயில நடுங்கிக்கினு இருந்தோம். அப்பதான் அண்ணன் சொன்னாரு, டேய், காலமெல்லாம் கட்டியங்காரன் வேசம் கட்டி ஊரு சிரிக்க வெச்சவன்டா நானு. செத்த சேதி கேட்டாலும் சிரிக்கப் போறானுங்க. நான் போயிட்டா எங்க வூட்ல நல்லபடியா சொல்லுடா. ஒருத்தன காப்பாத்திட்டு செத்தான்னு சொல்லுன்னாரு.

சிட்டம்மாள்: நீ இன்னா சொன்ன?

வேதகிரி: என் மாமனாரு என்னத் தொடநடுங்கின்னுதான் கூப்புடுவாரு. ராசா வேசம் கட்டுற தொடநடுங்கின்னு. எனக்கும் அதையே சொல்லுண்ணேன்னேன். அந்தப் பயத்துலயும் ஒக்காந்து தோளு, பனமரம், துண்டுன்னு ஒண்ணு ஒண்ணா சேத்தோம். சிரிச்சோம் அண்ணி… சத்தியமா சிரிச்சோம். அப்பதான் தண்ணி வந்துது. கை நழுவிடிச்சி. அவரு கத்துனதுகூடக் கேக்கல. அவ்ளோதான். அவ்ளோதான் நடந்துது.

சிட்டம்மாள்: அழுவாத. அழுவாதப்பா… கண்ணத் தொடச்சிக்க.

வேதகிரி: வாக்கு குடுத்தேன், காப்பாத்த முடியல. நீ வேற யாரக் கட்டிக்கினாலும் நல்லா இரு அண்ணி. நான் பேசுனத மனசுல வெச்சிக்காத. நான் கெளம்பறேன். பொழுதோட போனா கொழந்த மொகத்தயாவது…

சிட்டம்மாள்: வேதகிரி. நான் யாரையும் கட்டிக்கல.

வேதகிரி: அப்ப இது?

சிட்டம்மாள்: உன் அண்ணன் கொழந்த. தை மாசம் வந்துட்டாருடா. எலும்பும் தோலுமா, ஒரு கோணிய சுத்திக்கினு வந்தாரு. கடலு அவர எங்கியோ ஒரு தோப்புல கொண்டாந்து போட்டுட்டுப் பூட்டுதாம்.

வேதகிரி: …அண்ணனா? முனியண்ணனா? உசுரோடயா!

சிட்டம்மாள்: உசுரோடதான். ரெண்டு வேள தின்னுட்டுக் கொறட்ட வுட்டுக்கினு நல்லாத்தான் கீறாரு.

வேதகிரி: ஐயோ! அண்ணி! உன் கால்ல உழணும்! இன்னா பேச்சு பேசுனேன் உன்ன! செருப்பால அடி என்ன! அண்ணன் கீறாரா! இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பேரு சொன்ன ஒடனே சொல்லக் கூடாதா?

சிட்டம்மாள்: வாய் வரலடா. உன்னப் பாத்து எப்டிச் சொல்றதுன்னு தெரியல.

வேதகிரி: எங்க அவரு? எந்தப் பக்கம் போயிக்கீறாரு? நான் எதுத்தாப்புல போயி நிக்கிறேன், மனுசன் மயங்கி உழட்டும்! ஏன் அண்ணி அழுவுற? சிரி!

சிட்டம்மாள்: தென்னேரிக்குப் போயிக்கீறாரு.

வேதகிரி: எங்க ஊருக்கா? எங்க வூட்டுக்கா?

சிட்டம்மாள்: உன் வூட்டுக்குத்தான். மாசமா கீறவ அந்த மாரி எடத்துக்கு வரக் கூடாதுன்னு என்ன வுட்டுட்டுப் போனாரு.

வேதகிரி: எந்த மாரி எடம்? இரு… தைல வந்தாருன்னா… அவரும் சத்தியப்படி மொதல்ல எங்க வூட்டுக்குத்தான போயிருப்பாரு? போயி… போயி இன்னா சொன்னாரு அண்ணி?

சிட்டம்மாள்: நீ இப்ப சொன்னியே, அதேதான், பேர மட்டும் மாத்தி. நீ அவரத் தோள்ல தூக்கி மரத்துல ஏத்திட்டு, கும்புட்ட கையோட போயிட்டன்னு. உன் மாமனாரு மண்ணுல பொரண்டு அழுதாரு. கருமாதில மலர்க்கொடிக்குத் தாலி எறக்குனப்ப, பச்சப் புள்ளக்காரி துடிச்சாளே, அவள இந்த ரெண்டு கையாலதான்டா நான் இறுக்கிப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். இன்னிக்கி உனக்கு வருசத் தெவசம், வேதகிரி. இந்நேரம் உன் பொண்டாட்டி உனக்குப் புடிச்சதெல்லாம் ஆக்கி எல போட்டுட்டு, கொழந்தய இடுப்புல வெச்சிக்கினு, நீ வந்து தின்னுட்டுப் போன்னு காக்காவக் கூப்ட்டுக்கினு நிப்பா.