பாட்டு முடிஞ்ச கிணறு

மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த காலம் அது. அரசங்குறிச்சியில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் கீழத்தெருக்காரி. எழுத்து தெரியாது, வாயைத் திறந்தால் பாட்டு. எல்லாம் அவளே கட்டியது.

ஊருக்கு ஒரே கிணறு. வெட்டியது யார்? கீழத்தெரு. கயிற்றைத் தொடக் கூடாதது யார்? அதே கீழத்தெரு. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மேலத்தெருப் பெண் யாராவது மனசு வைத்து ஊற்றினால் தண்ணீர். இல்லாவிட்டால் வெயில்தான். இது என்ன நியாயம் என்று இருளாயி கேட்டாளாம். கேட்டுக் கேட்டுப் பார்த்தாளாம். பிறகு பாடினாளாம்.

ஊரில் ஒரு வழக்கம். நடவன்று முதல் பாட்டு இருளாயிதான் பாட வேண்டும். அது முடிந்து பெண்கள் குலவை போட்ட பிறகே முதல் நாற்றை ஊன்றலாம். பாதியில் நிறுத்தினால் விளைச்சல் போச்சு. அவள் தொட்டால் தண்ணீர் தீட்டாம். அவள் பாடாவிட்டால் நெல் விளையாதாம். எப்படி இருக்கிறது பாருங்கள்.

அந்த வருசம் பண்ணையார் வயலில் நடவு. வயலை ஒட்டித்தான் கிணறு. அங்கே இருளாயி மகள் வேம்பி, ஏழு மாத வயிற்றோடு, காலிக் குடத்தோடு விடியலிலிருந்து காத்து நிற்கிறாள். ஊற்ற ஆள் வரவில்லை. இருளாயி பார்த்தாள். வரப்பில் நின்று எடுத்தாள் பாட்டை:

"கயிறிருக்கு வாளியிருக்கு
கையிருக்கு தன்னானே
உயிரு வாடும் தாகத்துல
ஒதுங்கி நின்னோம் தன்னானே"

பாடினாள், பாடினாள், நிறுத்தவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றடியில் காத்து நின்ற ஒவ்வொருத்தி பேருக்கும் ஓரடி. வெயில் ஏறியது. பறித்துப் போட்ட நாற்றுமுடிகள் துவள ஆரம்பித்தன. பண்ணையார் குடையோடு ஓடி வந்தார்.

"என்ன இருளாயி, இன்னும் முடியலையா?"

"எங்க அப்பத்தா காலத்துக்கே இப்பத்தான் வந்திருக்கேன் சாமி. இன்னும் எத்தனை பேரு இருக்காக."

அவர் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது குலவையைப் போட்டு முடிங்களேன்டி."

"தொண்டை காஞ்சு கெடக்கு சாமி," என்றாள் ஒருத்தி. "நாக்கு பொரள மாட்டேங்குது."

"யாருடா அங்கே, இவளுகளுக்குத் தண்ணி எறைச்சு ஊத்துங்கடா."

"ஊத்த வேணாம் சாமி," என்றாள் இருளாயி. "என் கையால எறைச்சாத்தான் கடைசி அடி வரும்." சொல்லிவிட்டு அடுத்த பேரை எடுத்தாள்.

பண்ணையார் நாற்றைப் பார்த்தார். நுனி மஞ்சளாகிவிட்டது.

"சரி, போய் எறை. இன்னைக்கு ஒருநாள்தான்."

"நாளைக்கு உங்க தம்பி வயல்ல நடவு சாமி. அங்கயும் மொதப் பாட்டு என்னுதுதான்."

அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு வரப்பை விட்டு விலகினாராம். இருளாயி கயிற்றைப் பிடித்தாள். வாளி மேலே வந்தது. முதல் தண்ணீர் வேம்பிக்கு. அவள் குடித்து முடித்த பிறகுதான் கடைசி அடி வந்தது. அடுத்து எழுந்த குலவை பக்கத்து ஊர்வரை கேட்டதாம்.

பண்ணையார் இரக்கப்பட்டுக் கயிற்றைக் கொடுத்தார் என்று மேலத்தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அப்படியானால் கிணற்றுக்கு ஏன் அவர் பேர் இல்லை? பஸ் கண்டக்டர்கூட 'பாட்டு முடிஞ்ச கிணறு இறங்கு' என்றுதானே கூவுகிறார். இன்றைக்கும் எங்கள் பெண்கள் முதல் பாட்டை வரப்பில் முடிப்பதில்லை. பாடிக்கொண்டே கிணற்றடிக்கு நடக்கிறார்கள். கயிறு கைக்கு வந்த பிறகுதான் கடைசி அடி.